எல்லாரும் வந்தாச்சு

ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? நெனச்சேன். மடியில அதைத் தொறந்து வச்சிருந்தப்ப எட்டிப் பாத்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. புரோகிராம் மாதிரி தெரிஞ்சுது. எழுத்தெல்லாம் கலர் கலரா இருக்கு. எங்க காலத்துல கறுப்புல பச்சை, அவ்வளவுதான். இந்த ரோட்டுல பஸ் போற போக்குல எப்படித்தான் டைப் அடிக்கிறீங்களோ. மூடிட்டீங்களா, நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு சந்தேகம் கேக்கணும். மாயவரம்தானே எறங்கப் போறீங்க? நானும் அங்கதான். இப்பத்தான் ஆடுதுறை தாண்டியிருக்கு, நேரம் கெடக்கு.

சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான். ஆனா மொட்டையாக் கேட்டா உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் முன்னாடியிலேர்ந்து வரணும்.

எம் பேரு சிங்காரவேல். சொந்த ஊர் துறையூர். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தேன். துறையூர்லேர்ந்து போய் இன்னிக்கு வெளிநாட்டுல உக்காந்திருக்கறவன்ல பாதிப் பேரு எங்கிட்ட வந்து கீபோர்டுல கை வச்சவன்தான். அப்புறம் எல்லார் கையிலயும் போன் வந்துருச்சு. கத்துக்கறதுக்கு மாடி ஏறி வர ஆள் இல்ல. சரின்னு சென்டரை மூடிட்டு யாத்ரா ஆரம்பிச்சேன். அறுபடை வீடு, ராமேஸ்வரம், நவக்கிரகம். முதல்ல வேனு, அப்புறம் பெரிய பஸ். சிங்காரவேல் யாத்ரான்னு துறையூர்ல கேட்டா சொல்லுவாங்க. இப்ப கேக்காதீங்க. இப்ப வேற மாதிரி சொல்லுவாங்க.

யாத்ரா நடத்தறவனுக்கு ஒரே ஒரு பயம்தாம்மா. டயர் வெடிக்கறது, சாம்பார் ஊசிப் போறது, இதுக்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டான். ஆள் விட்டுப் போறது, அதுதான் பயம். ஒரு ஆளை ஒரு ஊர்ல விட்டுட்டு வந்துட்டோம்னா அதோட தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னா, வண்டிக்குள்ள நடந்து தலையத் தலையத் தொட்டு எண்ணுவாங்க. பாதியில யாராவது, சார் காப்பி எப்பன்னு கேப்பாங்க. எண்ணிக்கை போச்சு. மறுபடி முதல்லேர்ந்து. எனக்கு அது பாக்கவே கேவலமா இருக்கும். நான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். தலையத் தொட்டு எண்ணறதுக்கு நான் என்ன ஆடா மேய்க்கறேன்?

நானே ஒரு புரோகிராம் எழுதினேன். என் போன்ல ஓடும், பஸ்ஸுல முன்னாடி இருக்கற டிவியில தெரியும். ஒரு அர்ரேயைக் கூட்டறது, வேற ஒண்ணுமே இல்ல. உங்களுக்குத் தெரியும். இதோ கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரே, ரொம்ப நேரமா காது குடுக்கறாரு, அவருக்காகச் சொல்றேன். அர்ரேன்னா அண்ணே, வரிசையா டப்பா அடுக்கி வச்ச மாதிரி. முதல் டப்பாவோட நம்பர் பூஜ்யம். அடுத்தது ஒண்ணு, அடுத்தது ரெண்டு. ஏன் பூஜ்யத்துல ஆரம்பிக்குதுன்னு கேக்காதீங்க, கண்டுபிடிச்சவன் அப்படி வச்சுட்டான். ஒரு டப்பாங்கறது ஒரு குடும்பம். உள்ள எத்தனை பேருன்னு ஒரு நம்பர் இருக்கும். மொத்தம்னு ஒரு பாத்திரத்தைக் காலியா வச்சுக்கணும். ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து உள்ள இருக்கறதைப் பாத்திரத்துல கொட்டிக்கிட்டே போகணும். கடைசி டப்பா முடிஞ்சதும் பாத்திரத்துல இருக்கறதுதான் கூட்டுத்தொகை. அவ்வளவுதான். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒருத்தனும் புரியலன்னு சொன்னதில்ல.

இந்த மாதிரி ரெண்டு வரிசை. ஒண்ணு வர வேண்டியவங்க. இன்னொண்ணு வந்தவங்க. கோயில் பாத்துட்டுத் திரும்பறப்ப குடும்பத்துக்கு ஒருத்தர் எங்கிட்ட வந்து, நாங்க வந்துட்டோம்னு சொல்லணும். நான் அவங்க பேர்ல தட்டுவேன். ரெண்டு வரிசையோட கூட்டுத்தொகையும் ஒண்ணா வந்துச்சுன்னா டிவியில பச்சைக் கலர்ல பெருசா 'சரி'ன்னு வரும். நான் மைக்கை எடுத்து, எல்லாரும் வந்தாச்சு, போலாம் ரைட்னு சொல்லுவேன். ஜனங்க கை தட்டுவாங்கம்மா. சத்தியமா. வயசானவங்கல்லாம் அந்தப் பச்சையைப் பாத்துக் கும்பிடுவாங்க.

இதுல ஒரு விஷயம் இருக்கு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரு பழக்கம். எதை எழுதினாலும் மேல பிள்ளையார் சுழி போடாம எழுத மாட்டேன். பரீட்சைப் பேப்பரா இருந்தாலும் சரி, மளிகைச் சீட்டா இருந்தாலும் சரி. புரோகிராமுக்கு மட்டும் போடாம இருக்க மனசு வருமா? அதனால பூஜ்யம் நம்பர் டப்பாவைப் பிள்ளையாருக்கு விட்டுட்டேன். பேரு பிள்ளையார், ஆள் பூஜ்யம். கூட்டறதை ஒண்ணாம் நம்பர் டப்பாலேர்ந்து ஆரம்பிச்சேன். சாமியைப் போயி கூட்டல் கணக்குல சேக்கறது மரியாதை இல்லைல்ல.

சிரிக்கிறீங்க. பரவால்ல, சிரிங்க. நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு.

பிள்ளையாருக்கு அடுத்த டப்பா, ஒண்ணாம் நம்பர், நம்ம வீடு. அதுக்குள்ள ஆள் ஒண்ணு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேராச்சேன்னு கேப்பீங்க. எண்ணறவனை எண்ண வேண்டியதில்லம்மா. நான் இல்லன்னா யாரு பட்டனை அமுக்கறது? அதனால நம்ம வீடுன்னா வீட்டுல மட்டும்தான், எம் பொண்டாட்டி. பிள்ளையாருக்கு அடுத்தபடியா அவளை வச்சிருந்தேன். அதை நீங்க மனசுல வச்சுக்கணும், ஏன்னா பின்னாடி எல்லாரும் என்னைக் கல்நெஞ்சன்னு சொல்லுவாங்க.

யாத்ராவுல வீட்டுல எப்பவும் கூட வருவா. கடைசி சீட்டு. சாப்பாட்டுப் பாத்திரம், இலைக்கட்டு, தண்ணிக் கேன், அதுங்களோட. காலையில பிளாஸ்குலேர்ந்து காப்பி ஊத்தறது, மாத்திரை போடறவங்களுக்கு ஞாபகப்படுத்தறது, வாந்தி வர்றவங்களுக்கு எலுமிச்சம்பழம், சாப்பாடு பரிமாறறது, இதெல்லாம் அவதான் பாத்துக்குவா. பெருசா ஒண்ணும் வேலை இருக்காது. முக்கியமான வேலையெல்லாம் முன்னாடி எங்கிட்ட. அதனால நாங்க ரெண்டு பேரும் வண்டியில பேசிக்கறது குறைவுதான்.

அவளுக்காக நான் தட்டறது எப்பவும் கடைசியாத்தான். எல்லாக் குடும்பமும் வந்து சொல்லிட்டுப் போயிடும். அப்பவும் பச்சை வராது. ஒண்ணு குறையும். அட, நம்ம வீட்டைத் தட்டலையேன்னு அதையும் ஒரு தட்டு தட்டுவேன். பச்சை வந்துரும். அதுக்காகப் பின்னாடி திரும்பிப் பாத்துட்டா தட்டிக்கிட்டிருப்பாங்க? அவ எங்க போகப் போறா.

போன தை மாசம் நவக்கிரக யாத்ரா. அந்த வண்டியில தணிகாசலம்னு ஒரு ரிட்டையர்டு தலைமை ஆசிரியர் வந்தாரு. அந்த ஆளாலதாம்மா எல்லாம். முதல் நாள் சாயங்காலம் டிவியைப் பாத்துட்டு எழுந்து நின்னாரு. வகுப்புல நிக்கற மாதிரியே நின்னாரு. பிள்ளையாருக்கு நேரா பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே, பாக்க நல்லாவா இருக்கு, புறப்படறப்பவே சாமி கணக்குல இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கேன்னாரு. ஒண்ணு போடுங்கன்னு இன்னொருத்தர். ஒண்ணு போட்டா பிள்ளையாருக்கு எந்த சீட்டுன்னு கேப்பீங்கன்னு நான் சொன்னேன். வண்டியே சிரிச்சுது. தணிகாசலம் சிரிக்கல. சாமி விஷயத்துல விளையாட வேண்டாம் சார்னாரு. நாலு பொம்பளைங்களும் ஆமா ஆமான்னாங்க.

எதுக்கு வம்புன்னு பிள்ளையார் வரியையே எடுத்துட்டேன். மேல இருக்கற டப்பாவை எடுத்தா என்ன ஆகும், எல்லா டப்பாவும் ஒரு எடம் முன்னாடி நகரும். நம்ம வீடு பூஜ்யத்துக்கு வந்துருச்சு. அதாவது, பிள்ளையார் இருந்த எடத்துக்கே அவளை உசத்திட்டேன். இதுக்கு மேல ஒரு புருஷன் என்னம்மா பண்ண முடியும்?

கூட்டறதை மட்டும் மாத்தல. அது ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிச்சுக்கிட்டிருந்துச்சு.

புரிஞ்சுருச்சுல்ல? உங்க மூஞ்சியிலயே தெரியுது. படிச்சவங்க, உடனே புடிச்சுட்டீங்க. ஒண்ணைப் பூஜ்யமா மாத்துங்க சார், ஒரே ஒரு எழுத்துதானேன்னு சொல்ல வர்றீங்க. அது எனக்கும் தெரியும். என் சந்தேகம் அது இல்ல. இருங்க, வர்றேன்.

தப்பு ஏன் வெளிய தெரியலன்னு கேட்டீங்கன்னா, வர வேண்டியவங்களைக் கூட்டறப்பவும் முதல் டப்பாவைத் தொறக்கல. வந்தவங்களைக் கூட்டறப்பவும் தொறக்கல. ரெண்டுலயும் அதே ஆள் குறையுது. அதனால ரெண்டும் சரியா ஒத்துப் போகுது. ஒரு விதத்துல பாத்தா அந்தப் புரோகிராம் பொய்யே சொல்லல.

மறுநாள் சனிக்கிழமை, காலையில திருநள்ளாறு. அங்க வழக்கம் தெரியுமில்ல உங்களுக்கு. குளத்துல எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, கட்டியிருந்த துணியை அங்கயே விட்டுடணும். சனி அதோட போயிடும்னு நம்பிக்கை. விட்ட துணியைத் திரும்பிப் பாக்கக் கூடாது, திரும்ப எடுக்கவே கூடாது. நானும் குளிச்சேன், ஒரு பழைய பனியனை விட்டேன், திரும்பிப் பாக்காம வந்தேன். வண்டிகிட்ட வந்து தோளைத் தொட்டுப் பாத்தா துண்டைக் காணோம். பச்சைக் கரை போட்ட புதுத் துண்டும்மா. அந்தப் பனியனோட சேத்து அதையும் படியில வச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுல அப்பத்தான் ஈரத் தலையோட வந்து வண்டியில ஏறப் போனா. படிக்கட்டுல ஒரு கால் வச்சுட்டா. நான், போய்த் துண்டை எடுத்துட்டு வான்னேன்.

"அங்க விட்டதை எடுக்கக் கூடாதுங்க."

"அது விட்டது இல்ல, மறந்தது. ரெண்டும் வேற."

போனா. அவ போனைக் கூட எடுத்துக்கல, அது முன்னாடி என் சீட்டுகிட்ட சார்ஜுல கெடந்துச்சு. அப்புறம் குடும்பம் குடும்பமா வந்து சொன்னாங்க, நான் தட்டினேன். கடைசிக் குடும்பத்தைத் தட்டினதும் பச்சை வந்துருச்சு. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வழக்கமா ஒரு தட்டு கூடத் தட்டணுமே, இன்னிக்கு சுருக்கா முடிஞ்சுதேன்னு கூடத் தோணுச்சு. மைக்கை எடுத்தேன். எல்லாரும் வந்தாச்சு, போலாம் ரைட்.

என்ன கேக்கறீங்க? நான்தானே அனுப்பினேன்னா? ஆமாம்மா, நான்தான் அனுப்பினேன். அதனாலதான் சொல்றேன், நான் மறக்கல. பச்சை வந்துருச்சு. பச்சை வந்தா வந்துட்டான்னுதானே அர்த்தம்? அதுக்குத்தானே புரோகிராமே எழுதினது? அதை நம்பலன்னா அப்புறம் எதுக்கு எழுதணும்?

அடுத்தது கீழப்பெரும்பள்ளம், கேது கோயில். அங்க பாத்துட்டு, பக்கத்துல ஒரு புளிய மரத்தடியில மதியச் சாப்பாடு. எல்லாரும் வரிசையா உக்காந்தாங்க. இலை வரல. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. அப்பவும் இலை வரல. தணிகாசலம் எழுந்து எங்கிட்ட வந்தாரு. அம்மா எங்க சார்னாரு. வண்டியில இருப்பா சார்னேன். இல்லையே சார்னாரு. நான் போனைக் காட்டினேன். பாருங்க, சரின்னு இருக்கு. எல்லாரும் வந்தாச்சு.

"சார், கடைசி சீட்டுல பாத்திரம் மட்டும்தான் இருக்கு."

"இருப்பா சார். பச்சை பாருங்க."

அந்த ஆளுக்குப் பொறுமை இல்ல. இன்னும் ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டாரு. நான் ஒவ்வொருத்தருக்கா விளக்கினேன். ரெண்டு வரிசை இருக்கு, ரெண்டோட கூட்டுத்தொகையும் ஒண்ணா இருக்கு, ஆள் குறைஞ்சிருந்தா ஒண்ணா வராதுன்னு பொறுமையாச் சொன்னேன். ஒரு அம்மா கேக்குது, உங்க சம்சாரம் இல்லங்கறது உங்களுக்குக் கண்ணால பாத்தாத் தெரியலையான்னு. ஜனங்களுக்கு லாஜிக்குங்கறதே கிடையாது. கடைசியில வண்டியில கூட வர்ற சமையல் மாஸ்டர் வந்து, காலையிலேர்ந்து அக்காவைக் காணோம், நீங்க முன்னாடி உக்காரச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்னாரு.

புரோகிராம்ல தப்பு இருக்குங்கறது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

ஒருத்தர் வண்டியைத் திருப்புங்கன்னாரு. எப்படித் திருப்பறது? நாப்பது பேரும்மா. அடுத்தது திருவெண்காடு, அதுக்கப்புறம் வைத்தீஸ்வரன் கோயில், எல்லாம் நேரக் கணக்கு. பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. தணிகாசலம்தான் ஒரு கார் புடிச்சு அவரு சம்சாரத்தோட திருநள்ளாறுக்குத் திரும்பிப் போனாரு. பண்றதையெல்லாம் பண்ணிட்டு, அலையட்டும். அங்க குளக்கரையில பூக்காரம்மா சொல்லியிருக்கு, அந்தம்மா ரொம்ப நேரம் ஒரே எடத்துல நின்னுச்சு, அப்புறம் மாயவரம் பஸ் ஏறிப் போயிருச்சுன்னு. மாயவரத்துல என் கொழுந்தியா செண்பகம் இருக்கா. சாயங்காலம் அவ போன் பண்ணினா. அக்கா இங்க இருக்கு அத்தான், நீங்க தேடுவீங்கன்னு சொன்னேன், தேட மாட்டாங்கன்னு சொல்லுது, எதுக்கும் சொல்லி வைப்போம்னு கூப்பிட்டேன்னா. வச்சுட்டா.

மிச்ச யாத்ரா முழுக்க வண்டியில அதே பேச்சுதான். ஜனங்க திருநள்ளாத்துல சனியை விட்டுட்டு வருவாங்க, நம்ம சார் சம்சாரத்தை விட்டுட்டு வந்துட்டாருன்னு. முன்னாடி உக்காந்திருக்கற எனக்கு எல்லாம் கேக்குது. துறையூருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. அடுத்த யாத்ராவுக்குப் பேர் குடுத்தவங்க ஒவ்வொருத்தரா, மருமகளுக்கு உடம்பு சரியில்ல, முட்டி வலிக்குதுன்னு நகர்ந்துட்டாங்க.

இதோ குத்தாலம் வந்துருச்சு. இந்த ஊர்ல கொஞ்சம் நிப்பாட்டுவான். கையைக் குடுங்கம்மா, அந்தப் பையைக் கீழ வச்சுக்கறேன். அண்ணனுக்கு எடம் கிடைச்சிருச்சு, பாருங்க, அப்பவும் பின்னாடி சீட்டுக்கே வந்து உக்காந்துட்டாரு. கேளுங்க, கேளுங்க.

ஒரு வாரம் கழிச்சு நான் மாயவரம் வந்தேன். கோவத்துல இருக்கறவளை உடனே போய்ப் பாக்கக் கூடாது, ஆறட்டும்னு விட்டேன். செண்பகம் கச்சேரித் தெருவுக்குப் பின்பக்கம் வீட்டு வாசல்லயே டிபன் கடை வச்சிருக்கா. முன்னாடி கடைக்குப் பேரே கிடையாது. இப்பப் போனா போர்டு மாட்டியிருக்கு. 'அபயம் டிபன்'. எனக்கு ஒரு நிமிஷம் அபயம்னா யாருன்னு பிடிபடல. அப்புறம்தான், அட, வீட்டுலன்னு தெரிஞ்சுது. அபயாம்பாள். மாயவரத்துல பொறந்தவளுக்கு அம்பாள் பேரை வச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரிகையில பாத்தது.

உள்ள அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்துட்டு, வாங்கன்னா. அழல, கத்தல. நான் எல்லாத்தையும் விளக்கினேன். தணிகாசலம் சொன்னது, பிள்ளையாரை எடுத்தது, டப்பா நகர்ந்தது, ரெண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப் போனது. கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டா. முழுசாக் கேட்டா. நான் புரோகிராம் பத்திப் பேசி அவ இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேட்டுட்டு சொன்னா, துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன், வண்டி பக்கத்துலயே வந்துட்டேன், நீங்க மைக்குல எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னது வெளிய எனக்கும் கேட்டுச்சுன்னா. அதுக்கப்புறம் ஓடலையாம். எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்ன பெறகு யாருன்னு சொல்லிக் கையைத் தட்டறதுன்னு நின்னுட்டாளாம். இது ஒரு காரணமா? நீங்களே சொல்லுங்க. ஒரு சத்தம் குடுத்திருந்தா நிப்பாட்டியிருப்பேன்ல.

சரி, பேசிப் பிரயோஜனமில்ல, விஷயத்தைத் தெளிவா வச்சுடுவோம்னு சொன்னேன்:

"இங்க பாரு. நான் உன்னை விட்டுட்டு வரல. மறந்துட்டு வந்தேன். ரெண்டும் வேற."

நெசமாவே யோசிச்சாம்மா, சண்டைக்காக இல்ல.

"ஆமாங்க, வேறதான். விடறவங்களாவது விடறப்ப ஒரு தடவ நெனச்சுப் பாத்துட்டு விடுவாங்க."

உள்ள போனா. வெளிய வந்தப்ப கையில அந்தத் துண்டு. பச்சைக் கரை. தொவைச்சு மடிச்சு வச்சிருந்தா. என் கையில குடுத்துட்டு, இதை எடுத்துட்டுப் போங்க, அந்தப் புரோகிராம்ல என் பேரு இருந்தா எடுத்துருங்க, நீங்க இப்படியே திரும்பிப் பாக்காமப் போயிடுங்கன்னா. அங்க விட்டதைத் திரும்ப எடுக்கற வழக்கம் இல்லன்னா.

நான் திரும்பிப் பாக்காமத்தான் வந்தேன். சொன்னதைக் கேக்கறவன்தாம்மா நான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையா புரோகிராமைத் தொறந்தேன். பிள்ளையாரைத் திரும்ப மேல வச்சேன். உங்களை மாதிரி ஒண்ணைப் பூஜ்யமா மாத்தறதுக்கு எனக்கு மனசு வரல, பழக்கம். ஆனா கணக்கு சரியாயிருச்சு. பழைய யாத்ரா எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன், ஒரு பிசகு இல்ல. அப்புறம் சோதனைக்கு, மத்தக் குடும்பத்தையெல்லாம் எடுத்துட்டு நம்ம வீட்டை மட்டும் வச்சு ஓட விட்டேன். மொத்தம் ஒண்ணுன்னு காட்டுச்சு. சரிதான். அவ எடுக்கச் சொன்னாளேன்னு அவ டப்பாவையும் எடுத்தேன். மறுபடி ஓட விட்டேன்.

வர வேண்டியவங்க பூஜ்யம். வந்தவங்க பூஜ்யம். பச்சை. சரி.

நான் அந்தக் கூடத்துல உக்காந்துக்கிட்டிருக்கேன். பொண்ணு ஓசூர்ல இருக்கா, அவ போன் பண்றதில்ல. ஃபேன் ஓடுது. கையில போன் எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லுது. எண்ணறவனை எண்ண வேண்டியதில்லன்னு நான்தானே எழுதினேன். புரோகிராம்ல தப்பு சொல்ல முடியாது. ஆனா எனக்கு அன்னிக்கு அந்த வீட்டுல உக்கார முடியலம்மா. பயமா இருந்துச்சு. எழுந்து வாசல்ல போய் நின்னுட்டேன்.

என்ன கேக்கறீங்க? மெதுவாக் கேளுங்க, டிரைவர் ஹாரனை விட மாட்டேங்கறான். ஓ. பிள்ளையார் இருந்த காலத்துல, தப்பே இல்லாம ஓடின காலத்துல, நான் பாத்துட்டா தட்டினேன்னு கேக்கறீங்க. அதான் சொன்னேனே, அவ எங்க போகப் போறான்னு. அப்பவும் தட்டியிருப்பேன். பச்சை வந்திருக்கும்.

வந்திருக்கும்தான்.

நீங்க ரொம்ப யோசிக்கறீங்கம்மா. அதை விடுங்க. என் சந்தேகத்துக்கு வந்துட்டேன்.

இப்ப நான் வாரா வாரம் மாயவரம் வர்றேன். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னா, சாப்பிட வரக் கூடாதுன்னு சொல்லலையே. நல்ல கடை. ஜனங்க வெளிய பெஞ்சுல காத்துக்கிட்டிருப்பாங்க, எடம் காலியாக ஆக உள்ள கூப்பிடுவாங்க. நானும் போய் பெஞ்சுல உக்காந்துக்குவேன். அவ எங்கிட்ட தனியாப் பேச மாட்டா. மத்தவங்களுக்கு என்ன வைக்கறாளோ அதான் எனக்கும். நான் பெஞ்சுல ஓரமா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம உக்காருவேன். கூட்டத்துல என்னைக் கவனிச்சிருக்க மாட்டான்னுதான் நெனச்சேன்.

போன வாரம் என்ன ஆச்சுன்னா, ஒரு குடும்பம் வந்துச்சு. அப்பா, அம்மா, தூக்கத்துல இருக்கற ஒரு கொழந்தை, இன்னொரு பெரியவர். அப்புறம் மெடிக்கல் ரெப்பு ஒருத்தன், போனைப் பாத்துக்கிட்டே நிக்கறான், உக்காரவும் இல்ல போகவும் இல்ல. நான் தூணுக்கு அந்தப் பக்கம், மறைஞ்சாப்புல. அவ புடவைத் தலைப்புல கையைத் தொடைச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தா. வந்து நின்னா. ஒரு தடவை அப்படியே பாத்தா. அவ்வளவுதான். தலையத் தொடல, விரலை மடக்கல, வாய்க்குள்ள கூட எண்ணல. உள்ள திரும்பி செண்பகத்துகிட்ட சொல்றா:

"அஞ்சு இலை போடு. கொழந்தை எந்திரிச்சா பால் கேக்கும், சூடு பண்ணு."

நான் எண்ணிப் பாத்தேன். அவங்க நாலு பேரு, கொழந்தைக்கு இலை வேண்டாம், அப்ப மூணு. அந்தப் பையன் நின்னுக்கிட்டிருந்தானே, அவனும் சாப்பிடத்தான் வந்திருந்தான், அவனோட நாலு. அஞ்சாவது யாருன்னு எனக்கு விளங்கல. மறுபடி எண்ணினேன். மறுபடியும் நாலுதான். தப்பாச் சொல்லிட்டான்னு நெனச்சேன், அதை அவகிட்ட சொல்லலாம்னு எழுந்துகூடப் போயிட்டேன். உள்ள போனா அஞ்சு இலை போட்டிருக்கு. நாலு பேரும் உக்காந்துட்டாங்க. ஒரு இலை காலியா இருக்கு. தண்ணி தெளிச்சு, ஓரத்துல உப்பு கம்மியா வச்சிருக்கு. எனக்கு பிரஷர்.

நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அவ இட்லித் தட்டோட வந்தா. எனக்குக் கேக்காம இருக்க முடியல.

"எப்படி எண்ணினே?"

அவ என்னைப் பாத்தா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குங்கற மாதிரி.

"பாத்தேன்."

அவ்வளவுதாம்மா. பாத்தேன். இட்லியை வச்சுட்டுப் போயிட்டா.

மாயவரம் வந்துருச்சு பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பறான். நீங்க எறங்கணும். ஒரு நிமிஷம். சந்தேகம் இதுதான். வர வேண்டியவங்கன்னு ஒரு வரிசை இல்ல, வந்தவங்கன்னு ஒரு வரிசை இல்ல. கூட்டவும் இல்ல, தட்டவும் இல்ல. ஆனா கணக்கு சரியா வந்துச்சு, அதுல நானும் இருந்தேன். ஒரு வாரமா போனைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ பண்ணினதை எந்த வரியில எழுதறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க புதுசாப் படிச்சவங்க. சொல்லுங்கம்மா, அதை எப்படி எழுதறது?